அடினாய்டை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடுமா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. நான்கு மாதமாக மூக்கடைப்பு, கெட்டியான மஞ்சள் சளி, படுத்தால் இருமல். ஆன்டிபயாடிக் கொடுத்தால் குறைகிறது, நிறுத்தியதும் திரும்ப வந்துவிடுகிறது. மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். அது நோய் எதிர்ப்புக்கான உறுப்பு என்று படித்தேன். எடுக்கலாமா?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். மூக்கும் தொண்டையும் சேரும் இடத்தில், அண்ணத்துக்கு மேலே இருக்கும் நிணநீர்த் திசுதான் அடினாய்ட். வாயைத் திறந்தால் டான்சில் தெரியும், இது தெரியாது. மூச்சோடு வரும் கிருமிகளைப் பிடித்து, இனம் கண்டு, எதிர்ப்பொருள் தயாரிக்க உதவுவது இதன் வேலை.

அதற்கு வசதியாக இதன் மேற்பரப்பு மடிப்பு மடிப்பாக இருக்கும். சிக்கலும் அங்கேதான். சில குழந்தைகளுக்கு அந்த மடிப்புகளில் பாக்டீரியா ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி வழவழப்பான படலம் கட்டிக்கொள்கிறது. காவல் நிலையத்திலேயே திருடன் குடியேறிய கதை. படலத்துக்கு வெளியே இருப்பவை ஆன்டிபயாடிக்கில் சாகும், குழந்தை தேறும். உள்ளே இருப்பவை தப்பிவிடும். மருந்தை நிறுத்தியதும் சளி திரும்புவதற்கு இது முக்கியமான ஒரு காரணம்.

அதனால் எக்ஸ்ரேயில் தெரியும் அளவை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. சின்ன அடினாய்டும் கிருமிக் கிடங்காக இருக்கலாம். பெரிய அடினாய்ட் இருந்தும் சைனஸ் (மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகள்) தொல்லையே இல்லாத குழந்தைகளும் உண்டு.

சரி, எடுத்தால் எதிர்ப்புச் சக்தி? டான்சில், நாக்கின் அடிப்பகுதி என்று தொண்டையைச் சுற்றி இதே வகைத் திசு வளையமாக இருக்கிறது. அவை வேலையைத் தொடரும். அடினாய்டே பதின்வயதில் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஆனால் ஒரு பாதிப்பும் கிடையாது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். டென்மார்க்கில் சுமார் 12 லட்சம் குழந்தைகளின் பதிவேடுகளை வைத்து 2018-ல் வெளியான ஆய்வில், சிறுவயதில் அடினாய்டையோ டான்சிலையோ எடுத்தவர்களிடம் பிற்காலத்தில் சுவாச நோய்கள் கூடுதலாகக் காணப்பட்டன. அறுவைதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. என்றாலும் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்பதற்கு அது போதும். நாள்பட்ட சைனஸுக்காக எடுத்த குழந்தைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்குக் குணம் தெரிகிறது. தும்மல், கண் அரிப்பு, வீசிங் இருக்கும் குழந்தைகளுக்குப் பலன் குறையலாம். அலர்ஜியைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

அறுவைக்கு முன் மூக்கைக் கழுவுவதையும் ஸ்டீராய்டு ஸ்பிரேயையும் சில வாரம் ஒழுங்காகச் செய்தீர்களா? பலர் நாலு நாளில் விட்டுவிடுகிறார்கள். கொதிக்க வைத்து ஆறிய கால் லிட்டர் நீரில் அரை டீஸ்பூன் உப்பு. குழாய்த் தண்ணீர் நேரடியாக வேண்டவே வேண்டாம், மூளையைத் தாக்கும் அமீபா அதில் இருக்கலாம். குழந்தையை வாஷ்பேசின் மேல் குனிய வைத்து, வாயைத் திறந்து மூச்சுவிடச் சொல்லி, ஊசியில்லாத சிரிஞ்சால் மெதுவாக விடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து ஸ்பிரே. அதன் முனை நடுச்சுவரைப் பார்க்காமல் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்த்து இருக்கட்டும், இல்லாவிட்டால் ரத்தம் கசியலாம்.

இதற்கும் அடங்கவில்லை என்றால், இந்த வயதில் சைனஸில் அறுவை செய்வதற்கு முன் அடினாய்டை எடுப்பதுதான் வழக்கம், நானும் அதையே சொல்வேன். தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் தள்ளிப்போட வேண்டாம். கண்ணைச் சுற்றி வீங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கிறதா, அண்ணத்தில் மறைந்த பிளவு உண்டா என்று முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், அடினாய்டை முழுதாக எடுத்தபின் பேச்சு மூக்கு வழியாக வர ஆரம்பிக்கலாம்.