மழையே அதிகம் பெய்யாத தென் மெசபடோமியாவில் (இன்றைய தெற்கு ஈராக்) முதல் நகரங்கள் எப்படி வந்தன?

மழை குறைவு என்பதே காரணத்தில் பாதி. கோதுமை, பார்லி சாகுபடி தொடங்கியது மழை கிடைக்கும் வடக்கு மலையடிவாரங்களில்தான். அங்கே ஒரு குடும்பம் தனியாகவே விதைத்து அறுத்துவிடலாம்.

தெற்கில் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடக் கிடையாது. யூப்ரடீஸ் ஆறு இருக்கிறதே என்றால், அதிலும் சிக்கல். நைல் வெள்ளம் கோடையில் வந்து, விதைப்புக்கு முன் வடிந்துவிடும். இங்கே மலைப்பனி உருகி வெள்ளம் வருவது ஏப்ரல், மே வாக்கில், பார்லி அறுவடைக்கு நிற்கும் நேரத்தில்! ஆகவே விதைக்கும்போது தண்ணீர் கொண்டுவர வாய்க்கால் வேண்டும், கதிர் முற்றும்போது தடுக்கக் கரை வேண்டும். தூர் வார, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச ஊரே கூட வேண்டும். பலனாக வண்டல் மண்ணில் உபரி தானியம் குவிந்தது.

சரி, அதை யார் வாங்கி வைத்து, யாருக்கு அளப்பது? கோயில் நிர்வாகம். உருக் நகரில் கிடைத்த, கி.மு. 3300 வாக்கிலான களிமண் பலகைகளில் கதை, பாட்டு எதுவும் இல்லை. பார்லி இவ்வளவு, பீர் இவ்வளவு என்று பெரும்பாலும் வரவு செலவுதான். எழுத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியது கணக்குப்பிள்ளைகளுக்கு.

ஆனால் வாய்க்கால்தான் அரசை உண்டாக்கியது என்ற பழைய வாதத்தை அப்படியே ஏற்க முடியாது. தொடக்ககால வாய்க்கால்கள் சிறியவை, ஊராரே பார்த்துக்கொள்ளக் கூடியவை. சதுப்பு நில மீனுக்கும் நாணலுக்கும் படகுப் போக்குவரத்துக்கும் நகரங்கள் உருவானதில் பெரிய பங்கு உண்டு.