கீழக்கரையில் புது வீடு, மாடிப்படிச் சுவரில் என்ன மாட்டலாம்?

கேள்வி இதுதான்: கீழக்கரையில் கடலுக்குப் பக்கத்தில் புது வீடு, மூன்றடி அகலப் படி, இடமிருந்து வலமாக ஏறி நடுவில் ஒரு லேண்டிங்கில் திரும்புகிறது. கணவர் துபாயிலிருந்து ஐந்து துண்டாக வரும் கேன்வாஸ் பட செட் அனுப்பட்டுமா என்று கேட்கிறார், மாமி உருவப்படம் எதுவும் கூடாது என்கிறார்.

செட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஐந்து துண்டும் சோபாவுக்கு மேலே மாட்டி, எட்டுப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பதற்கென்று செய்தது. உங்கள் படியில் ஒருவர் ஏறும்போது சுவர் அவர் கண்ணிலிருந்து ஒன்றரை அடியில் இருக்கும், பின்னால் நகர்ந்து பார்க்க இடமே கிடையாது, அந்தத் தூரத்தில் பெரிய படம் வெறும் நிறமாகத்தான் தெரியும். மாடிப்படிச் சுவர் நடந்துகொண்டே பார்க்கிற சுவர், அதனால் அங்கே சின்னச் சின்னதாக, கிட்டத்தில் பார்த்தால் நுணுக்கம் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். பெரிய படம் ஒன்று வேண்டுமென்றால் லேண்டிங் சுவரில் வையுங்கள், கீழ்ப்படியிலிருந்து ஏறும்போது நேராகக் கண்ணில் படும் இடம் அதுதான்.

ஆனால் படத்தைப் பற்றி யோசிக்கும் முன்னால் சுவரைப் பாருங்கள். நான் பெரியபட்டினம், உங்களுக்கு அடிக்கிற அதே உப்புக்காற்றுதான் எங்களுக்கும். நம் பக்கம் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்பு, அதிலேயே கலவை போட்டுப் பூசியிருந்தால் உப்பு சுவருக்குள்ளேயே இருக்கும், ஈரத்தை இழுக்கும், காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து பெயிண்டைத் தள்ளும். கையால் தடவிப் பாருங்கள், மாவு மாதிரி ஒட்டினால் அங்கே எதையும் மாட்ட வேண்டாம். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள், தாளுக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்துதான் வருகிறது. புது வீடு என்பதால் ஐப்பசி கார்த்திகை மழை ஒரு தடவை கடந்து போகட்டும், எந்த இடம் பொரிகிறது என்று அப்போது சுவரே காட்டிவிடும். கிழக்கிலிருந்து வருகிற கொண்டல் மழை நேராக அடிக்கிற வெளிச்சுவர்தான் படிச்சுவரும் என்றால் கேன்வாஸை நினைக்கவே வேண்டாம், துணி தொய்ந்து பின்பக்கம் பூசணம் பிடித்துவிடும்.

பிரேமுக்கு எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வாங்காதீர்கள், ஈரத்தில் உப்பிவிடும். தேக்கு அல்லது அலுமினியம். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக், ஏனென்றால் மூன்றடிப் படியில் கட்டில், பீரோ எல்லாம் ஏறி இறங்கும்போது ஏதாவது ஒன்று இடிபடாமல் இருக்காது, படியில் கண்ணாடி உடைந்தால் பிள்ளைகள் காலில்தான் போய்க் குத்தும். படத்துக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே மவுண்ட் அட்டை கட்டாயம், இல்லாவிட்டால் ஈரக்காலத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிரேமின் கீழ் மூலை இரண்டிலும் பின்பக்கம் சின்ன ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று ஓடும். ஆணி இரும்பாக இருக்கக்கூடாது, துரு வடிந்து சுவரில் கோடு விழும், ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள்.

சரி, என்ன படம். மாமி சொல்கிற "உருவம் வேண்டாம்" என்பதை நான் தடையாகவே பார்க்கவில்லை. உங்கள் ஊர் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களில் பூவும் கொடியுமாக எத்தனை செதுக்கல் இருக்கிறது! கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு பூவையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்து, எட்டு அங்குலச் சதுரத்தில் அச்சிட்டு, ஒரே மாதிரி பிரேமில் வரிசையாக மாட்டினால் துபாய் செட் பக்கத்தில் வராது, கிட்டே நின்று பார்க்கவும் அவ்வளவு இருக்கும். பள்ளிவாசல் ஜமாஅத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வீட்டுப் பையன் யாரையாவது அனுப்புங்கள், வெளிச்சம் சாய்வாக விழுகிற நேரத்தில் எடுத்தால்தான் செதுக்கலின் மேடுபள்ளம் தெரியும்.

எனக்கு இன்னொரு ஆசையும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரைக்கும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் சாய்ந்து கிடக்கின்றன, அதாவது வரைபடத்தில் இடப்பக்கம் கீழே தொடங்கி வலப்பக்கம் மேலே போகின்றன. உங்கள் படியும் அப்படித்தான் ஏறுகிறது! கீழ்ப்படியில் வான் தீவு, நல்லதண்ணித் தீவு, நடுவில் உங்கள் ஊருக்கு எதிரே இருக்கிற அப்பா தீவு, தலையாரி, முல்லி, மேலே முயல் தீவு, மனோலி, குருசடை என்று ஒவ்வொன்றின் கரைக்கோட்டை மட்டும் கோடாக வரைந்து பெயர் எழுதி மாட்டலாம். எல்லாம் வேண்டாம், ஏழெட்டு போதும். பிள்ளைகள் ஏறி இறங்கியே பெயர்களைப் படித்துவிடுவார்கள்.

லேண்டிங்குக்கு ஆயத்து (குர்ஆன் வசனம்) எழுதிய பெரிய பிரேம் ஒன்று பொருந்தும், தோளும் துணியும் உரசாத உயரத்தில் இருக்கும். அது வேண்டாம் என்றால் பனை ஓலையில் முடைந்த வட்டத் தட்டுகள், சாயம் போட்டதும் போடாததும் கலந்து. ஓலையில் பூசணம் வந்தால் கழற்றி வெயிலில் போட்டால் சரியாகிவிடும், மங்கினால் மாற்றலாம், செலவும் குறைவு.

தனுஷ்கோடி இடிந்த தேவாலயப் படம் இப்போது நிறைய பேர் மாட்டுகிறார்கள். தயவுசெய்து நம் கரை வீடுகளில் அது வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் ஆளை இழந்த குடும்பங்கள் இங்கே உண்டு, வருகிற விருந்தாளி யார் வீட்டுப் பிள்ளை என்று நமக்குத் தெரியாது. அப்புறம் கடல் விசிறி, பவளம், காய்ந்த கடல் குதிரை என்று யாராவது அழகுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை அவை, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். சட்டம் இருக்கட்டும், நம் மீன் வளர்கிற இடத்தைப் பிடுங்கிவந்து சுவரில் ஏன் மாட்ட வேண்டும்?

மாட்டும் முறை எளிது. படி விளிம்பிலிருந்து ஐந்தடி உயரத்தில் மேலேயும் கீழேயும் குறித்து நூல் அடித்துக்கொள்ளுங்கள், படங்களின் நடுப்பகுதி அந்தச் சாய்ந்த நூலில் வர வேண்டும், இடைவெளி இரண்டு மூன்று அங்குலம். முதலில் நியூஸ்பேப்பரைப் பிரேம் அளவுக்கு வெட்டி டேப்பால் ஒட்டிவைத்துச் சில நாள் ஏறி இறங்குங்கள், ராத்திரி லைட் போட்டும் பாருங்கள், கைப்பிடியைப் பிடிக்கிற கை இடிக்கிறதா என்று மாமியை நடக்கச் சொல்லியும் பாருங்கள். டிரில் போடும் முன்னால் படி லைட்டை மேலேயும் கீழேயும் இருந்து போடுகிற டூ-வே ஸ்விட்ச் எங்கே என்று பாருங்கள், அதற்கு நேர் மேலும் நேர் கீழும் சுவருக்குள் ஒயர் பைப் ஓடும், அந்தக் கோட்டில் ஓட்டை போட விடாதீர்கள். கட்டும்போது வயரிங் போட்டோ எடுத்திருந்தால் டிரில் போட வருகிறவரிடம் அதைக் காட்டிவிடுங்கள்.