பினாங்கில் ஒரு பகல்: முதலில் மலை, அப்புறம் சாப்பாடு

கேள்வி: அக்டோபரில் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் போகிறோம். காலை 8 மணிக்குப் பினாங்கில் நிற்கும், மாலை 5 மணிக்குக் கிளம்பிவிடும். நான், கணவர், 9 வயது மகன், மாமியார். மாமியாருக்கு முட்டிவலி, சுத்த சைவம். மழைக்காட்டைப் பார்க்க வேண்டும், ஊர்ச் சாப்பாட்டையும் விடக்கூடாது. கப்பலிலேயே டூர் எடுப்பதா, நாங்களாகவே போவதா? (வாசகி, மதுரை)

நீங்களாகவே போங்கள். எல்லாத் துறைமுகத்துக்கும் இப்படிச் சொல்ல மாட்டேன். கப்பலில் எடுத்த டூர் பஸ் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். நீங்கள் பிடித்த டாக்சிக்குக் காத்திருக்காது. காடு இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிற ஊர் என்றால் அதற்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம். மலேசியத் தீவான பினாங்கில் அது தேவையில்லை. ஸ்வெட்டன்ஹாம் கப்பல் முனையம் ஜார்ஜ் டவுன் நகருக்குள்ளேயே இருக்கிறது. பினாங்கு மலை அடிவாரத்துக்குக் கிராப் செயலியில் பிடிக்கும் டாக்சியில் சுமார் அரை மணி நேரம்தான். 204ஆம் எண் பஸ்ஸும் உண்டு. மாமியாரை வைத்துக்கொண்டு அது வேண்டாம்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். தொலைவில் இருக்கிற மலையைக் காலையில் முடித்துவிட்டு, சாப்பாட்டுக்குத் துறைமுகப் பக்கம் திரும்பிவிட வேண்டும். பினாங்கில் மழை அதிகம் கொட்டும் மாதங்களில் அக்டோபர் ஒன்று. பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு வரும். மாலை நெரிசலில் மலையடிவாரத்தில் மாட்டிக்கொண்டால் கப்பல் போய்விடும். சாப்பிடும் இடத்தில் நேரமானால் நடந்தே கப்பலுக்கு வந்துவிடலாம்.

மேலே போவது பழனி விஞ்ச் மாதிரி ஒரு ரயில், அதைவிடப் பெரியது. 1923இல் ஓடத் தொடங்கிய பாதை. 2011 முதல் புதிய பெட்டிகள், நடுவில் மாற வேண்டியதில்லை. சுமார் 700 மீட்டர் உயரத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் காற்றிலேயே குளிர்ச்சி தெரியும். ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால் கூட்டம் நெரியும். அன்றைக்கு விரைவு வரிசை டிக்கெட்டுக்குத் தயங்காதீர்கள்.

காட்டைப் பார்க்க மேலே உள்ள ‘தி ஹேபிடட்’ என்ற இயற்கைப் பூங்கா போதும். 1.6 கிலோமீட்டர் நடைபாதை, அநேகமாகச் சமதளம். 40 மீட்டர் உயரத்தில் 230 மீட்டர் நீளத்துக்கு மர உச்சிகளுக்கிடையே ஒரு தொங்குபாலம். உங்கள் மகன் அதை விட்டு வர மாட்டான். இடி மின்னல் வந்தால் மூடிவிடுவார்கள், அதனால் முதல் வேலையாக அங்கே போங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட இலைக்குரங்குகள் காலையில் கிளைகளில் உட்கார்ந்து இலை தின்னும். கைக்குழந்தையாக இருக்கிற குட்டி பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இந்த மலையையும் சுற்றியுள்ள காட்டையும் யுனெஸ்கோ 2021இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. போய்ப் பார்த்தால் அந்த மரியாதை ஏன் என்று புரியும்.

மாமியார் பாலம் ஏற வேண்டாம். மேலே பக்கி என்ற சின்னத் திறந்த வண்டி வாடகைக்குக் கிடைக்கும். அருளொளி திருமுருகன் கோவிலில் உட்கார்ந்திருக்கலாம். பராமரிப்புக்காக ரயில் சில நாட்கள் நிற்பதுண்டு, முன்கூட்டியே பாருங்கள். நின்றால் அடிவாரத்துப் பக்கம் 1884இல் உண்டாக்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. முட்டிவலிக்கு அதுவே சௌகரியம்.

பன்னிரண்டரைக்குள் இறங்கிவிடுங்கள்.

கணவருக்கு நாசி கண்டார். துறைமுகத் தொழிலாளிகளுக்காகத் தமிழ் முஸ்லிம்கள் காவடியில் சோறும் குழம்பும் சுமந்து விற்ற சாப்பாடு இது. கேம்பல் தெருவில் ஹமீதியா 1907 முதல் நடக்கிறது. மீன், கோழி, கணவாய் எதை எடுத்தாலும் சரி, குழம்பை மட்டும் தனித்தனியாகக் கேட்காதீர்கள். நாலைந்தையும் சோற்றின்மேல் கலந்து ஊற்றச் சொன்னால்தான் அதன் ருசி. அசாம் லக்ஸாவும் ஒரு கிண்ணம் வாங்கிப் பகிருங்கள்: மீனைக் கரைத்த புளிச்சாறு, அரிசி நூடுல்ஸ், புதினா, அன்னாசி.

மாமியார் விஷயத்தில் கவனம் வேண்டும். காய்கறி மட்டும் என்று சொல்லித் தருகிற வறுவலிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கலாம். லக்ஸா மேலே ஊற்றும் கறுப்புப் பாகும் இறாலில் செய்ததுதான். அவருக்கு ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா பகுதியில் சைவ இலைச் சாப்பாடு. தமிழிலேயே கேட்டு வாங்கலாம். அதற்காக உள்ளூர் ருசியை அவர் இழக்க வேண்டியதில்லை. பினாங்கு சாலையை ஒட்டிய கெங் குவீ சந்தில் செண்டோல் கிடைக்கும்: தேங்காய்ப்பால், பனைவெல்லம், பச்சை நிற இழைகள், ஐஸ். ஜாதிக்காய்ச் சாறும் இந்தத் தீவில் பேர்போனது, கட்டாயம் குடிக்கச் சொல்லுங்கள். சின்னக் கடைகளுக்கு மலேசியப் பணமான ரிங்கிட் சில்லறையாகத் தேவைப்படும்.

நாலு மணிக்கு முனையத்தில் இருங்கள். ஐந்து மணி என்பது கப்பல் நகரும் நேரம். ஏறுவதற்கான கடைசி நேரம் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

இன்னொன்றை இன்றே எடுத்துப் பாருங்கள். கப்பலில் போய்த் திரும்புவது சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைவதாகும். நால்வரின் சிங்கப்பூர் விசாவும் பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். மலேசியாவுக்கான இணைய வருகைப் படிவம் வேண்டுமா என்பதையும் கப்பல் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.