பிரேமைக் கழற்றச் சொல்லுங்கள்

கேள்வி: டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். அப்பா மதுரைக்காரர். ஜப்பானிய ஓவியர் யோஷிதா ஹிரோஷியின் மதுரைக் கோயில் மரக்கட்டை அச்சை (கட்டையில் செதுக்கி, மை தடவி அச்சிட்ட படம்) அவருக்கு வாங்கித் தர ஆசை. இணையத்தில் ஒருவர் பிரேம் போட்டு, 'அசல், யோஷிதா பட்டறையில் கையால் அச்சிட்டது, கையெழுத்து உண்டு' என்று சான்றிதழோடு விற்கிறார். நம்பலாமா?

பதில்: சான்றிதழை முதலில் தூக்கி ஓரமாக வையுங்கள். இந்த அச்சுகளுக்கு 'அசல்' என்று எழுதித்தர அரசு அலுவலகம் எதுவும் கிடையாது. விற்கிறவரே பிரிண்டரில் எடுத்து, அடியில் ஒரு முத்திரையும் குத்தியிருப்பார்.

மற்றபடி அவர் சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். சிக்கலே அங்கேதான். யோஷிதா 1950இல் காலமானார். அதன் பிறகும் குடும்பப் பட்டறை அவருடைய கட்டைகளைக் கொண்டு பல படங்களைக் கையாலேயே அச்சிட்டு விற்றது. அவை போலி அல்ல. நல்ல தாள், நல்ல வேலை. ஆனால் அவர் மேற்பார்வையில் வந்த பிரதிக்கும் இதற்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். 'பட்டறையில் கையால் அச்சிட்டது' என்ற வரி இரண்டுக்குமே பொருந்தும். தரகர்கள் பிழைப்பது அந்த வரியில்தான்.

வித்தியாசம் தெரிவது படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தில். இடப்பக்க ஓரத்தில், பெரும்பாலும் மேலே, 'ஜிசுரி' என்ற சின்ன முத்திரை இருக்க வேண்டும். அச்சு வேலை தன் கண்காணிப்பில் நடந்தது என்பதற்கு யோஷிதா வைத்த அடையாளம் அது. கீழ் ஓரத்தில் ஆங்கிலத்தில் பென்சில் கையெழுத்து. பின்னாளில் வந்தவற்றில் ஜிசுரி இராது. கையெழுத்தும் அச்சாகவே விழுந்திருக்கும். தாளைச் சாய்த்து விளக்கில் பாருங்கள். பென்சில் கோடு மினுங்கும், தாளில் லேசாகப் பள்ளம் தெரியும். அச்சுக் கையெழுத்து தட்டையாக, ஒரே கருமையாகக் கிடக்கும். பூதக்கண்ணாடியில் நிறமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது ஆப்செட் அச்சு, காலண்டர் ரகம்; பேச்சே வேண்டாம்.

உங்கள் ஆள் ஏன் பிரேம் போட்டு விற்கிறார் என்று இப்போது புரிந்திருக்கும். உள்ளே வைக்கும் அட்டை நான்கு ஓரத்தையும் மறைத்துவிடும். சிலர் ஓரத்தைக் கத்தரித்தே விடுகிறார்கள். பிரேமைக் கழற்ற மறுப்பவரிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

ஜிசுரி விதிக்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. அதை வைத்தே ஏமாற்றுகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். 1920 வாக்கில் யோஷிதா, வதனபே ஷோசபுரோ என்ற பதிப்பாளருக்காகச் சில படங்கள் செய்தார். அவற்றில் ஜிசுரி கிடையாது. கட்டையும் அச்சும் பதிப்பாளர் கையில் இருந்தன. 1923 செப்டம்பரில் டோக்கியோவை உலுக்கிய நிலநடுக்கத்தில் மூண்ட தீயில் அந்தக் கட்டைகள் கருகிப்போயின. அதனால் மிஞ்சிய பிரதிகள் அரிது, விலையும் அதிகம். 1925இல் அவர் சொந்தமாக வெளியிடத் தொடங்கிய பிறகு வந்ததே ஜிசுரி. இந்தக் கதையைக் கேட்டுவைத்துக்கொண்டு, 'முத்திரை இல்லை என்றால் இன்னும் அபூர்வம் சார்' என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. மதுரைப் படம் 1930-31 இந்தியப் பயணத்தில் பிறந்தது. தாஜ்மகாலும் காசிப் படித்துறையும் அப்படியே. இந்தச் சலுகை அவற்றுக்குச் செல்லாது.

நிறம் வேறாக இருக்கிறதே என்று மட்டும் பயப்படாதீர்கள். அவரே ஒரே கட்டைகளில் மையை மாற்றிக் காலை, மாலை, இரவு என்று 1926இல் பாய்மரப் படகுகளை அச்சிட்டவர்.

ஏலத்தளங்கள் இதையெல்லாம் சரிபார்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 'விவரங்களுக்கு விற்பனையாளரே பொறுப்பு' என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டுக் கமிஷனை மட்டும் கச்சிதமாக எடுத்துக்கொள்கிறார்கள். எத்தனை பிரதி அச்சானது என்று தாளில் எண் போடும் வழக்கமும் அன்று இல்லை. சுமை முழுக்க வாங்குகிறவர் தலையில்.

விற்பவருக்கு இன்றே எழுதுங்கள்: பிரேம் இல்லாமல் முன்பக்கம், பின்பக்கம், இடது ஓரம், கையெழுத்து என்று தனித்தனிப் படங்கள் வேண்டும். பின்பக்கம் முழுக்க அட்டையில் ஒட்டியிருந்தால் விலை பாதிக்கு மேல் குறைய வேண்டும். பதில் வரவில்லையா, டோக்கியோவிலேயே உள்ள ஜின்போச்சோவுக்குப் போங்கள். அங்குள்ள பழம்புத்தகக் கடைகள் சிலவற்றில் அச்சுகளும் விற்பார்கள். கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். பிற்காலப் பிரதி என்று சொல்லியே விற்றால், அதையும் தயங்காமல் வாங்கலாம். அப்பா பார்க்கப்போவது கோயிலைத்தானே.