காலை இழந்த ஓட்டுநருக்கு விட்டுப்போன சம்பளம் கிடைக்குமா?

கேள்வி: அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராக இருந்தேன். 2022 இறுதியில் நடந்த விபத்தில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மருத்துவக் குழு ‘ஓட்டுநர் பணிக்குத் தகுதியில்லை’ என்றதும், விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி, பணப்பலன்களைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது மைத்துனர் கடையில் கணக்கு எழுதுகிறேன். வேலையும் இத்தனை நாள் சம்பளமும் கிடைக்குமா?

பதில்: கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கையெழுத்துப் போட்டாயிற்றே என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 20(4) உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு அனுப்பக் கூடாது; பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் மாற்றுப் பணி. அதுவும் இல்லையென்றால், பொருத்தமான பணியிடம் வரும்வரை அல்லது ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். அரசுக்குச் சொந்தமான கழகங்களும் இதற்குக் கட்டுப்பட்டவை. தனியார் நிறுவனங்களுக்கு இந்தப் பிரிவு இல்லை என்பது பெரிய குறை.

கையெழுத்து விஷயத்துக்கு பகவான் தாஸ் வழக்கைப் (2008) பாருங்கள். பஞ்சாப் மின்வாரியத்தில் உதவி லைன்மேன் வேலை பார்த்தவர் பார்வை இழந்து, தானே ஓய்வு கேட்டு எழுதினார். தன் உரிமை தெரியாமல் எழுதிய கடிதம் அது, உரிமையை எடுத்துச் சொல்ல வேண்டியது வாரியத்தின் கடமை என்றது உச்ச நீதிமன்றம். அவர் பணியில் தொடர்வதாகக் கருதி, சம்பளத்தோடு ஊதிய உயர்வுகளையும் தரச் சொன்னது. வாங்கிய ஓய்வுப் பலன்கள் அதில் கழிக்கப்பட்டன. உங்களுக்கும் அப்படிக் கழிப்பார்கள். தொகையைக் கையோடு திருப்பிக் கட்ட வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது சம்பளத்தில்தான். வேலை திரும்பக் கிடைத்தால் நிலுவையும் தானாக வந்துவிடாது. 2025 ஆகஸ்டில் தெலங்கானா சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் நிறக்குருடு ஓட்டுநர் ஒருவருக்கு மாற்றுப் பணி வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் நிலுவைச் சம்பளத்தில் 25 சதவீதம்தான் கிடைத்தது. ஆகவே மனுவில் நிலுவைச் சம்பளம், ஊதிய உயர்வு, பணித்தொடர்ச்சி, ஓய்வூதியக் கணக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இடையில் வேறு நல்ல வருமானம் இல்லை, அல்லது குறைந்த சம்பளத்தில்தான் இருந்தேன் என்பதை நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். சொன்னபின், அதை மறுத்து நிரூபிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்கிறது உச்ச நீதிமன்றத்தின் தீபாலி சுர்வசே தீர்ப்பு (2013). மைத்துனர் கடையில் வாங்குவதை மறைக்காமல் பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் உள்ளதும் போகும்.

மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் தரலாம்; ஆனால் அவர் பரிந்துரைதான் செய்வார். நான் உயர் நீதிமன்ற ரிட் மனுவையே (அரசு அமைப்பின் செயலை எதிர்த்து நேரடியாகப் போடும் மனு) சொல்வேன். வழக்குப் போடாமல் சும்மா இருந்த காலத்துக்கான சம்பளத்தை நீதிமன்றம் வெட்டிவிட வாய்ப்புண்டு. ஏற்கெனவே தாமதம்தான். மருத்துவக் குழு அறிக்கை, ஊனச் சான்று, ஓய்வு உத்தரவு, கடைசிச் சம்பளப் பட்டியல் நான்கையும் எடுத்துக்கொண்டு, மாற்றுப் பணி கேட்டு நிர்வாக இயக்குநருக்கு இந்த வாரமே பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். கடிதம் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.