பைலட் என்று சொல்பவரிடம் என்ன கேட்பது?

விமானப்படையில் 20 வருஷம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடல் பகுதியைப் பழுது பார்க்கிறவனாக இருந்து, சார்ஜண்ட்டாக ஓய்வு பெற்றவன் நான். விமானம் ஓட்டியதில்லை. ஓட்டப் போகிறவர்களை இருக்கையில் உட்கார வைத்து பெல்ட்டை இறுக்கிவிட்டிருக்கிறேன். காரைக்குடிக்கு வந்த பிறகு, ‘இந்த ஆள் நிஜமாகவே பைலட்டா?’ என்று விசாரித்து வருகிறவர்கள் அதிகம். அண்மையில் வந்த சில கேள்விகளுக்கு இங்கே பதில்.

கானாடுகாத்தானிலிருந்து: பூர்வீக வீட்டை வாடகைக்கு விடுவதாக விளம்பரம் கொடுத்தோம். ‘விங் கமாண்டர், போர் விமான பைலட்’ என்று ஒருவர் போனில் பேசுகிறார். அடையாள அட்டைப் படமும் அனுப்பிவிட்டார். வீட்டைப் பார்க்க வரவில்லை. முன்பணத்துக்கு கியூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணுங்கள் என்கிறார்.

பண்ணாதீர்கள். ஸ்கேன் செய்து உங்கள் யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போட்டால் உங்கள் பணம்தான் போகும், வராது. ‘ராணுவக் கணக்கில் முறை வேறு’ என்பார், அப்படி ஒரு முறை கிடையாது. அந்த அட்டை வேறு யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். முகப்பும் வளவும் எப்படி இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் யாராவது செட்டிநாட்டு வீட்டுக்கு முன்பணம் கொடுப்பார்களா? பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930க்கு போன் செய்யுங்கள்.

கண்டனூரிலிருந்து ஓர் ஆச்சி: பேத்திக்கு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் தகப்பனார் ‘ஏர்ஃபோர்ஸில் கேப்டன், பைலட்’ என்கிறார்கள். எப்படி விசாரிப்பது தம்பி?

ஆச்சி, விமானப்படையில் வெறும் ‘கேப்டன்’ என்று ஒரு பதவி இல்லை. ஃபிளையிங் ஆபீசர், ஃபிளைட் லெப்டினன்ட், ஸ்குவாட்ரன் லீடர், விங் கமாண்டர், அதற்கு மேலேதான் குரூப் கேப்டன். ஆனால் இதை வைத்தே பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தரைப்படையில் கேப்டன் உண்டு. 1986இலிருந்து அவர்களுக்கென்று தனி விமானப் பிரிவும் ஹெலிகாப்டர்களும் உண்டு. விமானப்படையை விட்டு ஏர்லைன்ஸில் சேர்ந்தவரையும் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். சொல்கிற உறவுக்காரர் குழப்பியிருக்கலாம்.

அவரிடமே பேசுங்கள். பரீட்சை வைக்க வேண்டாம். புத்தகம் படித்தவன் எதற்கும் பதில் சொல்லிவிடுவான். எந்த கோர்ஸ், துண்டிகல் விமானப்படை அகாடமியில் எந்த வருஷம், முதலில் எந்த ஸ்குவாட்ரன், அப்புறம் எந்த ஊர், கூடப் படித்தவர்கள் இப்போது எங்கே என்று சாதாரணமாகக் கேளுங்கள். உண்மையானவர் போரை விட்டுவிட்டு குவார்ட்டர்ஸில் ஒழுகின கூரையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். கூடப் படித்தவர் இரண்டு பேருக்கு அப்போதே போன் போட்டும் கொடுப்பார். பொய் சொல்கிறவருக்கு சாகசம் நிறைய இருக்கும், நண்பன் ஒருவன்கூட இருக்க மாட்டான். பென்ஷன் வாங்குகிறவரிடம் பென்ஷன் ஆணை இருக்கும். பைலட்டுக்கு லாக் புக் உண்டு. பறந்த ஒவ்வொரு மணி நேரமும் எந்த விமானத்தில் என்பதும் அதில் ஏறியிருக்கும். கல்யாணச் சாமானில் கரண்டி வரைக்கும் எழுதி வைக்கிற ஊர் நம்முடையது, இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம் ஆச்சி.

தேவகோட்டையிலிருந்து: டீக்கடையில் ஒருவர், கார்கிலில் மிக்-21இல் கோ-பைலட்டாகப் போய் குண்டு போட்டேன் என்கிறார்.

மிக்-21 போர் விமானத்தில் ஒரே இருக்கை. பயிற்சிக்கான வகையில் மட்டும் இரண்டு, பின்னால் உட்காருகிறவர் பயிற்றுநர். கோ-பைலட் என்ற பேச்சு போக்குவரத்து விமானத்தில் வரும். கார்கிலுக்கு மிக்-21 போனது உண்மை, 1999 மே 26இல் விமானத் தாக்குதல் தொடங்கியது. ‘சுகோயில் போய் குண்டு போட்டேன்’ என்று மாற்றிச் சொன்னாலும் நம்பாதீர்கள்: சுகோய்-30 1997இலேயே நம்மிடம் வந்துவிட்டது, கார்கில் குண்டுவீச்சில் இறங்கவில்லை.

புதுவயலிலிருந்து: பரம்வீர் சக்ரா வாங்கிய பைலட் என்று ஒருவர் கோயில் நன்கொடைக்கு வந்தார்.

பொய். விமானப்படையில் அதை வாங்கியவர் ஒருவர்தான், ஃபிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செகோன். 1971 டிசம்பர் 14இல் ஸ்ரீநகர் வானத்தில் நேட் விமானத்தில் சண்டையிட்டு உயிர் விட்டவர்.

பள்ளத்தூரிலிருந்து: காக்பிட்டில் உட்கார்ந்த போட்டோ காட்டுகிறார்.

என்னிடமும் ஒன்று இருக்கிறது.

காரைக்குடியிலிருந்து: ‘ரகசியப் பணி, அதனால் ஆவணமே கிடையாது’ என்கிறாரே?

பணி ரகசியமாக இருக்கலாம். சம்பளமும் சர்வீஸ் நம்பரும் ரகசியமில்லை. அதிகாரியாகச் சேர்ந்ததும் பதவி உயர்ந்ததும் அரசிதழில் வரும். முன்னாள் படைவீரர் என்றால் சிவகங்கையில் உள்ள நல அலுவலகத்தில் பதிவு செய்து அடையாள அட்டை வாங்கியிருக்கலாம், அதைக் காட்டச் சொல்லுங்கள்.

கோட்டையூரிலிருந்து: எங்கள் தெருப் பெரியவர் நிஜமாகவே ஏர்ஃபோர்ஸில் கார்ப்பரலாக இருந்தவர். பைலட் என்று சொல்லிக்கொள்கிறார். போலீஸில் சொல்லலாமா?

நான் பார்த்ததில் பாதிக்கு மேல் இந்த வகைதான். கார்ப்பரல், சார்ஜண்ட், வாரண்ட் ஆபீசர் எல்லாம் ஏர்மேன் பதவிகள், அதிகாரிக்குக் கீழே உள்ளவை. பைலட் ஆக அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும். ‘பறந்தேன்’ என்று அவர் சொல்வது மட்டும் பொய்யாக இல்லாமலும் போகலாம், ஃபிளைட் இன்ஜினியராகவும், துப்பாக்கி இயக்கும் கன்னராகவும் ஏர்மேன்கள் பறப்பதுண்டு. படைவீரர் என்று நம்ப வைக்க யூனிஃபார்ம் போட்டுத் திரிந்தால், குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 168ஆவது பிரிவு இருக்கிறது. ஆள் மாறாட்டம் செய்து பணம் பறித்தால் 319. டீக்கடைப் பெருமைக்கு இரண்டும் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. என் கல்யாணத்தில் மாமனார் என்னை ஒவ்வொருவரிடமும் ‘பைலட் மாப்பிள்ளை’ என்று அறிமுகம் செய்தார். வாயில் கும்மாயம் இருந்தது, விழுங்கிவிட்டு மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து லீவில் வந்தபோது, நான் ரெஞ்ச் பிடிக்கிறவன் என்று அவரிடம் சொன்னேன். ‘அது எனக்கு அப்பவே தெரியும் மாப்பிள்ளை’ என்றார்.