சப்வூஃபர் அளவு -12-இல் நிற்கிறது, பேஸ் வரவில்லை

ரிசீவரில் சப்வூஃபர் (பேஸுக்கான தனி ஸ்பீக்கர், சுருக்கமாக 'சப்') அளவு -12 என்று காட்டி, பேஸும் வரவில்லை என்றால், சப்வூஃபரின் பின்னால் உள்ள வால்யூம் திருகைக் குறையுங்கள், கூட்டாதீர்கள். பல ரிசீவர்களில் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) -12 டெசிபல்தான் கீழ் எல்லை. ஆட்டோ கேலிபரேஷன் (மைக் வைத்து ரிசீவரே ஸ்பீக்கர் அளவுகளைச் சரிசெய்வது) அங்கே போய் முட்டி நிற்கிறது என்றால், சப் அளவுக்கு மீறிக் கத்தியிருக்கிறது என்று அர்த்தம். இப்போது சிக்னல் மெலிந்துபோய், சப் ஆட்டோ ஸ்டாண்ட்பையில் (சிக்னல் போதாவிட்டால் தானே அணைந்துகொள்ளும் நிலை) தூங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். மெல்லிய காட்சிகளில் அதன் விளக்கு நிறம் மாறுகிறதா, பாருங்கள்.

திருகை 9 மணி நிலைக்கு இறக்கி, மறுபடி கேலிபரேஷன் ஓட்டுங்கள். சப் அளவு -5-க்கும் 0-க்கும் இடையில் வந்தால் சரி. அப்புறம் ஸ்டாண்ட்பை சுவிட்சை 'ஆட்டோ'விலிருந்து 'ஆன்' ஆக்குங்கள். ஸ்பீக்கர்களை ரிசீவரே 'லார்ஜ்' என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள்; 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள ஒலி சப்புக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

சோபாவில் மட்டும் பேஸ் இல்லை, சுவரோரம் போனால் அதிர்கிறது என்றால் கதை வேறு. அதற்கு சப்பை இடம் மாற்றித்தான் பார்க்க வேண்டும்.